நிறுத்தாமல் கொண்டுபோன சர்வர்

வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். அக்கா வந்து எல்லாவற்றையும் பெட்டிகளில் அடைத்துவிட்டாள். பெரியம்மா மட்டும் பாக்கி.

பெரியம்மா ஒரு சர்வர், பழைய காலத்துக் கம்ப்யூட்டர். இடுப்பு உயரம், சாம்பல் நிறம். ஒரு ஆளால் அசைக்க முடியாது. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே ஏதோ ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வுபெற்று, பழைய சாமான் கடையின் வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்தது. என் மனைவி அதைக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிது. கட்டில் வருவதற்கு முன்னால் சர்வர் வந்த வீடு எங்களுடையது.

அதைப் பிழைக்கவைக்க அவளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. உள்ளே இருந்த பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஸ்பிரிட்டால் துடைத்தாள். ஒழுகிப்போன கெப்பாசிட்டர்களை எடுத்துவிட்டுப் புதியவை வைத்தாள். அந்தக் காலத்து இயங்குதளத்தை ஒரு காந்த டேப்பிலிருந்து ஏற்றினாள். வேலைவிட்டு வந்ததும் உட்காருவாள், சாப்பாட்டு நேரத்துக்கு அணைப்பாள். அணைக்கும் முன் 'ஸிங்க்' என்ற கட்டளையை மூன்று முறை தட்டுவாள். நினைவில் இருப்பதையெல்லாம் டிஸ்கில் எழுதிவிடு என்று அதற்கு அர்த்தம்.

"ஒரு தடவை சொன்னா அதுக்குக் காது கேக்காதா?" என்று கேட்டேன்.

"கேக்கும். ஆனா நாங்க மூணு தடவை சொல்லுவோம்."

"ஏன்?"

"நீ வெளிய கிளம்பும்போது உங்கக்கா 'சாவி எடுத்தியா'ன்னு எத்தனை தடவை கேக்குறாங்க?"

ஒரு நாள் எல்லாம் சரியாக ஓடியது. அன்றைக்கு அவள் அதை அணைக்கவில்லை. அதற்குப் பிறகும் அணைக்கவில்லை.

இந்தக் கிறுக்கு பிடித்தவர்கள் எங்கள் நகரில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். செத்த சர்வரை எழுப்புவது அவர்களுக்குப் பெரிய காரியமில்லை. எழுப்பியதை நிற்காமல் ஓடவைப்பதுதான் கௌரவம். இயந்திரம் எழுந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று சொல்ல ஒரு கட்டளை உண்டு. அது காட்டும் எண்ணை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் வாருவார்கள். யாருடையதாவது நின்றுபோனால் துக்கம் விசாரிப்பதுபோலப் போன் செய்துவிட்டுச் சிரிப்பார்கள். பெரியம்மாவின் எண்தான் எல்லாரையும்விடப் பெரியது. அதைச் சொல்லும்போது இவள் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். அடக்கமாம்.

போன வருடம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தத்தில் கிருமி என்றார்கள். நான் மட்டும் திரும்பி வந்தேன்.

பெரியம்மா ஓடிக்கொண்டிருந்தது. எண் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அழுத்திய சுவிட்ச். அவளுடைய செடிகளை நான் காயவிட்டேன். அவளுடைய ஷாம்புவை நானே போட்டுத் தீர்த்தேன். அவள் தொடங்கி இன்னும் முடியாமல் இருந்தது வீட்டில் இது ஒன்றுதான். இதை நான் முடிக்கப்போவதில்லை. புது வீட்டுக்கு இது ஓடிக்கொண்டேதான் வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அக்காவிடம் சொன்னேன். அவள் பெட்டிக்கு ஒட்டும் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அங்க போய் மறுபடி போட்டுக்கோயேன். ஃபிரிட்ஜை அப்படித்தானே காலைல அனுப்பினோம்?"

"இது ஃபிரிட்ஜ் இல்லக்கா."

"ஆமா. ஃபிரிட்ஜா இருந்தா ஒரு உபயோகமாவது இருக்கும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ ஒரு தடவை உக்காந்து அழுதாக்கூட எனக்கு நிம்மதியா இருக்கும்டா. இப்படிக் கல்லு மாதிரி நின்னுக்கிட்டு, பெட்டியை அணைக்கக் கூடாதுங்குற."

அடுத்த பெட்டியை இழுத்தாள்.

உதவிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பல் டாக்டர். பல்லில் துளை போடுகிற கை என்பதால் குழுவில் எல்லாருடைய பலகைக்கும் சால்டர் வைப்பது இவர்தான். இன்னொருவன் டேப். வீடு முழுக்க டேப் டிரைவ்கள் வைத்திருப்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவனுக்கே மறந்திருக்கும். என் மனைவியைத் தங்கச்சி என்பான், என்னை மாப்ள என்பான். பெரியம்மாவுக்கு இயங்குதளம் வந்தது அவனுடைய டேப்பிலிருந்துதான். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் அவனிடம் இருந்தது.

"நோயாளி எப்படி இருக்காங்க?" என்றார் டாக்டர்.

"நல்லா இருக்கு."

"'இருக்கு' இல்ல தம்பி, 'இருக்காங்க.' வயசுக்கு மரியாதை கொடுங்க."

டேப் சிரிக்கவில்லை. வழக்கமாக முதலில் சிரிப்பவன் அவன்தான். பெரியம்மாவின் பின்பக்கம் போய்க் குனிந்து கேபிள்களைப் பார்த்தான்.

"மாப்ள, ஒழுங்கா அணைச்சிட்டே கொண்டு போலாமே. டிஸ்க் எல்லாம் வயசானது. ஓடும்போது ஒரு இடி வாங்கினா போச்சு."

"அணைச்சா மறுபடி சுத்துமா?"

அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வருடக்கணக்கில் சுற்றிய டிஸ்க் நின்று ஆறினால், அதைப் படிக்கும் முனை தட்டில் ஒட்டிக்கொள்ளும். சிலது எழும். சிலது எழாது.

"நிறுத்தாமத்தான் போறோம்," என்றேன்.

"சரி," என்றான், கேபிளைப் பார்த்தபடியே.

பெரியம்மாவுக்கு இரண்டு பவர் சப்ளை உண்டு. ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். அதுதான் எங்கள் வழி. ஒரு பிளக்கைச் சுவரிலிருந்து உருவி யுபிஎஸ்ஸில் சொருகினோம். பெரியம்மா கவனிக்கவே இல்லை. அடுத்த பிளக்கை இன்னொரு யுபிஎஸ்ஸில் சொருகினோம். இப்போது சுவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டாக்டர் லேப்டாப்பைத் திறந்து ஒரு கேபிளைப் பெரியம்மாவின் முதுகில் மாட்டிக்கொண்டார். வழி முழுக்க அவர் அதைப் பார்த்துக்கொண்டே வருவார். டிஸ்கில் தவறு விழுந்தால் திரையில் எழுத்து வரும்.

கட்டில் மெத்தையை வேனில் விரித்து அதன்மேல் நிற்கவைத்தோம். அவளும் நானும் படுத்த மெத்தை. நானும் டேப்பும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். யுபிஎஸ் இரண்டும் எங்கள் கால்களுக்கு நடுவில். டாக்டர் எதிரில், மடியில் லேப்டாப்போடு. அக்கா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவரை எச்சரித்துக்கொண்டு வந்தாள்.

"பள்ளம், பள்ளம்! பாத்து."

"பாத்துட்டேன்மா."

"பாத்தா மட்டும் போதுமா, மிதிக்காம இருக்கணும்."

"பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போறப்பகூட இவ்வளவு மெதுவா நான் ஓட்டினதில்லம்மா. உள்ள என்னதான் இருக்கு?"

"என் தம்பி பொண்டாட்டியோட பெரியம்மா," என்றாள் அக்கா.

டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். அதற்குப் பிறகு இன்னும் மெதுவாக ஓட்டினார்.

பாதி வழியில் பழைய யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. பேட்டரி உப்பிப்போயிருந்தது. டேப் அதை அணைத்தான். அந்தப் பக்கத்து பவர் சப்ளையின் விளக்கு அணைந்தது. இன்னொன்று தாங்கியது. பெரியம்மா ஓடியது.

"ஒத்தைக் கால்ல நிக்கிறா," என்றார் டாக்டர்.

புது வீடு இரண்டாம் மாடி. லிஃப்ட் உண்டு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். காலையில் சாமான் ஏற்றிய ஆட்கள் அதை எதில் இடித்தார்களோ, கதவு பாதி திறந்தபடி நின்றுவிட்டது. காவலாளி தன் அறையைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தார். கீழ்த்தளத்தில் வேறு பிளக் கிடையாது.

டிரைவரையும் சேர்த்துக்கொண்டு படியில் தூக்கினோம். நான்கு பக்கம் நான்கு பேர். டாக்டர் லேப்டாப்பைக் கழுத்தில் மாட்டிய பையில் வைத்துக்கொண்டு ஒரு கையால் தாங்கினார். அக்கா யுபிஎஸ்ஸை இடுப்பில் குழந்தையைப்போல வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். ஒயர் இழுபடாமல் எங்கள் வேகத்துக்கு ஏறினாள். பத்துப் படிக்கு ஒரு முறை இறக்கினோம். இறக்கும்போதெல்லாம் டேப் உள்ளங்கையைப் பெரியம்மாவுக்கு அடியில் கொடுத்தான். கை நசுங்கியது.

முதல் மாடித் திருப்பத்தில் அந்த யுபிஎஸ்ஸும் கத்தத் தொடங்கியது.

"இது என்னடா, என் இடுப்புல இருந்துக்கிட்டே கத்துது," என்றாள் அக்கா.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றேன்.

டாக்டர் பார்த்தார். "அஞ்சு நிமிஷம் சொல்லுது. அவ்வளவு இருக்காது."

"யார் வீட்டுலயாவது பெல் அடிங்கக்கா."

அக்கா அந்த மாடியில் இருந்த இரண்டு கதவையும் தட்டினாள். வேலைநாள். யாரும் திறக்கவில்லை.

"அணைச்சிடலாம் மாப்ள," என்றான் டேப். "எழுதிட்டு இருக்கும்போது பேட்டரி போச்சுன்னா டிஸ்க்ல இருக்கறதும் சேந்து போகும். ஒழுங்கா நிறுத்தினா அதுவாவது மிஞ்சும்."

"மேல தூக்குவோம்."

"இன்னும் ஒரு மாடி இருக்கு."

"தூக்கு."

"மாப்ள."

"அவ போட்ட சுவிட்ச்டா அது. தூக்கு."

டேப் படியில் உட்கார்ந்துவிட்டான். நசுங்கிய கையைத் தொடையில் வைத்துக்கொண்டான்.

"அவ போட்டது இல்ல," என்றான். "நான் போட்டது."

யுபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது.

"நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்போ உங்க தெரு டிரான்ஸ்ஃபார்மர் போயிடுச்சு. விடிய விடிய கரண்ட் இல்ல. காலைல என் வீட்டுலேர்ந்து பாத்தேன், பெரியம்மா பதில் சொல்லல. சாவி எடுத்துட்டு ஓடி வந்தேன். நின்னு கிடந்தா. கரண்ட் வந்ததும் நான்தான் போட்டேன்."

"எண் குறையவே இல்லையே."

"திருத்தினேன்."

எப்படி என்று நான் கேட்கவில்லை. அவர்களால் முடியும். ஓடுகிற இயங்குதளத்தின் நினைவுக்குள் போய், தான் எழுந்தது என்றைக்கு என்று அது குறித்துவைத்திருக்கும் இடத்தைத் தேடிப் பழைய தேதியை எழுதிவிட்டான். அவர்கள் கூட்டத்தில் இதைவிடக் கேவலமான காரியம் கிடையாது. டாக்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி படுத்துக்கிட்டே போன்ல பாப்பான்னு தெரியும். அந்த நெலமைல அவ அதைப் பாக்க வேண்டாம்னு தோணிச்சு. நல்லாயி வந்ததும் சொல்லி உதை வாங்கிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் யார்கிட்ட சொல்றது? உன் மூஞ்சியப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

நான் டாக்டரின் பையிலிருந்து லேப்டாப்பை வாங்கினேன். பெரியம்மாவில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளையெல்லாம் வரிசையாகக் காட்டும் கட்டளையைத் தட்டினேன். ஒவ்வொரு வரியிலும் அந்த வேலை என்றைக்குத் தொடங்கியது என்று தேதி இருக்கும். முதல் வரி, இயந்திரம் எழுந்தவுடன் தானாகத் தொடங்குவது. டேப் அதைத் திருத்தவில்லை. ஆஸ்பத்திரி நாட்களில் ஒரு நாளின் தேதி அங்கே இருந்தது.

அந்த நாள் எனக்குத் தெரியும். காலையில் அவள் மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போனைப் பார்த்தாள். சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது.

"இந்த டேப்புக்குப் பொய் சொல்லக்கூட ஒழுங்கா வரல," என்றாள்.

நான் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த அவளுடைய ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ப் பரிசோதனை என் வேலை. எண்களைப் பார்த்தால் ஏதாவது பிடிபடும் என்று நினைத்தேன்.

"அந்தப் பெட்டியைக் கொஞ்சம் விட்டுட்டுத் தூங்கேன்," என்றேன்.

"சரி. அவன்கிட்ட சொல்லாத. பாவம்."

எதை என்று கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லியிருப்பாள். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று விரலால் காட்டி விளக்கியிருப்பாள், வீட்டில் செய்வதுபோல. எனக்குப் பாதி புரிந்திருக்காது. அவளுக்கு அது ஒரு பொருட்டில்லை. நான் காகிதத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்று மாலை தொண்டையில் குழாய் இறக்கினார்கள். அதற்குப் பிறகு பேச்சில்லை.

தன்னுடைய எண் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்து சிரித்தாள். நான் இத்தனை நாளாக எதற்குக் காவல் இருந்தேன் என்று தெரியவில்லை.

டேப் எழுந்து வந்து என் தோளுக்குமேல் திரையைப் பார்த்தான்.

"அய்யோ," என்றான். "இதை மாத்தாம விட்டுட்டேன்."

"ம்."

"தங்கச்சி பாத்திருப்பாளா மாப்ள?"

தினமும் காலையில் பல் துலக்கிக்கொண்டே அவள் பெரியம்மாவின் முன் நிற்பாள். இடது கையால் தட்டுவாள். முதலில் இந்தப் பட்டியல். எல்லா வேலையும் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு பார்வை. அதற்குப் பிறகுதான் எண். ஒரு நாள்கூட வரிசை மாறியதில்லை. வாயில் நுரையோடு அவள் நிற்பதை நான் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"இல்ல," என்றேன். "அவ எண்ணை மட்டும்தான் பாப்பா."

"நெஜமாவா?"

"நான் பக்கத்துலதான் இருந்தேன்."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். அக்காவின் இடுப்பில் யுபிஎஸ்ஸின் கத்தல் விட்டுவிட்டு வருவது மாறி ஒரே நீட்டாக வந்தது.

"தம்பி, நேரமில்ல," என்றார் டாக்டர்.

ஸிங்க் என்று தட்டினேன். மறுபடி தட்டினேன். மறுபடியும். பிறகு நிறுத்தும் கட்டளை. திரையில் சில வரிகள் ஓடின. கடைசி வரி வந்ததும் பின்பக்கம் போய்ச் சுவிட்சைக் கீழே தள்ளினேன். கெட்டியான சுவிட்ச். கட்டைவிரல் வலித்தது. டாக்டர் யுபிஎஸ்ஸையும் அணைத்தார்.

மின்விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. டிஸ்க் நிற்கத்தான் நேரமெடுத்தது. இறங்கி இறங்கி, இன்னும் கொஞ்சம் இறங்கி, பிறகு இல்லை. மேலே எங்கோ யாரோ வீட்டு ரேடியோ கேட்டது. அதுவரை அது கேட்கவில்லை.

"என்னடா, நின்னுடுச்சா?" என்றாள் அக்கா.

"நிறுத்திட்டேன்."

அவள் யுபிஎஸ்ஸை இறக்கிவைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். டிரைவர் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். யாருக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை.

மீதி மாடியை ஏறினோம். ஒயரும் லேப்டாப்பும் இல்லாமல் தூக்குவது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

கூடத்தில் சுவரோரம் பெரியம்மாவை நிற்கவைத்தோம். டாக்டர் அதன் பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தார்.

"இன்னும் சூடு இருக்கு. ஆறினா டிஸ்க் ஒட்டிக்கும். இப்பவே போட்டுடுவோம் தம்பி."

"நீ போடு மாப்ள," என்றான் டேப். "இந்தத் தடவை எதையும் திருத்த மாட்டேன். சத்தியமா."

சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. நானும் சிரிக்கப் பார்த்தேன்.

"இன்னிக்கு வேண்டாம்," என்றேன்.

"நாளைக்கு எழலேன்னா?" என்றார் டாக்டர்.

"வேண்டாம் டாக்டர்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். டேப் அவருடைய முழங்கையைத் தொட்டான். இரண்டு பேரும் கீழே போனார்கள். படியில் டாக்டர் அவனைத் திட்டுவது கேட்டது. "நம்பரைத் திருத்தினியாடா, நீ? நம்பரையா?" அவன் ஏதோ முனகினான். பிறகு அவர் குரல் தணிந்தது. "கையைக் காட்டு. வீங்கியிருக்கு பாரு. முதல்லயே சொல்ல மாட்டியா?"

அக்கா அறைக்கு அறை நடந்து பிளக் தேடினாள். கூடத்தில் ஒன்றுதான் இருந்தது, பெரியம்மாவுக்குப் பின்னால். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் ஃபிரிட்ஜைத் தள்ளிக்கொண்டு வந்து அதில் சொருகினாள்.

ஃபிரிட்ஜ் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது.

"பாத்தியா?" என்றாள் அக்கா.

"ம்."

நான் மெத்தையை எடுத்துவரக் கீழே போனேன்.